மிட்விக்கெட் பக்கமே தூக்கி அடிக்கும் இடக்கை ஓப்பனரை எப்படி அவுட் ஆக்குவது?

செந்தூல் மீடியம்பேஸ்:

வணக்கம் நண்பர்களே. கே.எல். (கோலாலம்பூர்) பக்கம் ஞாயிற்றுக்கிழமை லீக் ஆடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். எங்கள் குரூப்பில் ஒரு டீமில் இடக்கை ஓப்பனர் ஒருவர் இருக்கிறார். பேர் வேண்டாம். ஆள் தங்கமானவர், மேட்ச் முடிந்ததும் மாமாக் கடையில் எங்களோடு உட்கார்ந்து தே தாரிக் குடிப்பார், பில்லையும் அவரே கொடுத்துவிடுவார். ஆனால் பேட்டைக் கையில் எடுத்தால் எங்களுக்கு ஏழரைதான்.

25 ஓவர் மேட்ச், லெதர் பந்து, ஒரு பவுலருக்கு 5 ஓவர். பள்ளிக்கூடத் திடல், சிமெண்ட் மேல் மேட்டிங் (விரிப்பு). ஒரு பக்கம் பவுண்டரி ரொம்பக் கிட்டத்தில், அதை ஒட்டி லோங்காங் (சாக்கடை), பந்து அதில் விழுந்தால் தேடி எடுத்துக் கழுவித் துடைப்பதற்குள் பாதி ஓவர் நேரம் போய்விடும். மனிதர் கிரீஸுக்குள் ஆழமாக நிற்கிறார், பின்கால் ஸ்டம்பை இடித்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு. பந்து நம் கையைவிட்டு வந்ததும் முன்காலை லெக் பக்கம் விலக்கிவிட்டு லெக் பக்கத்து மிட்விக்கெட் மேலே தூக்குகிறார். யார்க்கர் (காலடியில் விழும் பந்து) போட்டால் அவர் நிற்கும் ஆழத்துக்கு அது ஹாஃப் வாலி, அதாவது விழுந்து எழும்பியதும் வசதியாக அடிக்கும் பந்து ஆகிவிடுகிறது. ஸ்லோ பால் போட்டால் பொறுமையாக நின்று அடிக்கிறார்.

எங்களிடம் இருப்பது இவ்வளவுதான்: நான் வலக்கை மீடியம் பேஸ், புதுப் பந்தில் அவுட்ஸ்விங் வரும் (வலக்கை பேட்ஸ்மேனுக்குக் காற்றில் வெளியே வளையும்). இன்னொருத்தர் நல்ல வேகம், ஆனால் லைன் கடவுள் விட்ட வழி. கேப்டன் லெக் ஸ்பின்னர், அவரைத்தான் மனிதர் துவைத்து எடுக்கிறார், கேப்டனாயிற்றே, அவரிடம் போய் நீங்கள் போடாதீர்கள் என்று யார் சொல்வது? நெட்டில் ஆஃப் ஸ்பின் போடும் பையன் ஒருவன் இருக்கிறான், மேட்சில் அவனுக்கு இன்னும் பந்து கொடுத்ததில்லை.

இவரை எடுப்பதற்கென்று ஏதாவது ஒரு பந்து இருக்கிறதா? இல்லை, இவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்துக்கொள்வதா?

புச்சோங் யார்க்கர்:

மச்சான், ரொம்ப யோசிக்காதே லா. ஸ்டம்பைப் பார்த்துப் போடு, அவர் விட்டால் ஸ்டம்ப் போகும், அவ்வளவுதான். நம்ம மலேசியப் பவுலர் சியாஸ்ருல் இட்ருஸ் 2023-ல பண்டமாரான் பாயுமாஸ் ஓவலில் சீனாவுக்கு எதிராக 8 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தாரே, ஆண்கள் டி20 சர்வதேச மேட்சில் 7 விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர்தான், அந்த ஏழும் போல்டு. ஒரு கேட்ச் கிடையாது, ஒரு எல்பி கிடையாது. ஃபீல்டரையும் நம்பவில்லை, அம்பயரையும் நம்பவில்லை. அந்த மாதிரி போடு.

கீப்பர் கையுறை:

புச்சோங் சொல்வது தப்பில்லை, ஆனால் அன்றைக்கு எதிரில் நின்ற சீன டீம் 23 ரன்னுக்கு மொத்தமாக ஆட்டமிழந்தது, பாவம், அவர்கள் இப்போதுதான் ஆடப் பழகுகிறார்கள். இந்த மனிதர் நேராக வரும் பந்தைத்தான் காத்துக்கொண்டிருக்கிறார் என்று செந்தூல் தம்பியே எழுதியிருக்கிறார்.

நான் விக்கெட் கீப்பர், அதனால் என் கேள்வி வேறு. உங்கள் கீப்பரிடம் இவரைப் பற்றிக் கேட்டீர்களா? பவுலருக்கு பேட்ஸ்மேன் இருபது கெஜம் தள்ளி நிற்கிறார். உங்கள் வேகத்துக்கு கீப்பர் நாலைந்து அடி பின்னால்தான் நிற்பார், அவர் கண்ணுக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது. இந்த மாதிரி தூக்கி அடிக்கிறவர்கள் அடிக்க முடிவு செய்துவிட்டால் பந்து வருவதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். கீழ்க்கை விரல்கள் ஒரு தடவை திறந்து மூடி பேட்டை இறுக்கிப் பிடிக்கும். முன்கால் கட்டைவிரல் கவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது மெல்ல பவுலர் பக்கம் திரும்பும். பேட்டைத் தரையில் தட்டுகிற வேகம் கூடும். சிலர் அடிக்கப்போகும் இடத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள், சிலர் நேர்மாறாக அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். இதில் இவருக்கு எது என்று கீப்பர் கண்டுபிடித்துவிட்டால், நீங்கள் ஓடி வருவதற்கு முன் ஒரு சைகை போதும், அந்தப் பந்தை மட்டும் ஆஃப் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே, ஃபுல்லாகப் போடுங்கள்.

ஏன் வெளியே என்றால், முன்கால் லெக் பக்கம் விலகினால் தலையும் அந்தப் பக்கம் சாயும். தலை சாய்ந்த பிறகு ஆறாவது ஸ்டம்ப் லைனில் வரும் பந்தைக் கையால் மட்டும்தான் எட்ட முடியும். எட்டி மிட்விக்கெட்டுக்கு இழுத்தால் பேட்டின் வெளி ஓரத்தில் பட்டு பாயிண்ட் அல்லது ஷார்ட் தேர்டு பக்கம் மேலே போகும். அங்கே ஆள் வையுங்கள். வெறும் மிட்விக்கெட்டையே அடைத்துக்கொண்டிருந்தால் எந்தக் காலத்திலும் நடக்காது.

அப்புறம் ரவுண்ட் த விக்கெட், அதாவது வழக்கமான ஓவர் த விக்கெட்டுக்குப் பதிலாக ஸ்டம்பின் மறுபக்கமாக வந்து பாருங்கள். 2019 ஆஷஸில் ஆஸ்திரேலியாவின் இடக்கை ஓப்பனர் வார்னருக்கு இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட் செய்தது அதுதான். 10 இன்னிங்ஸில் 95 ரன், அதில் 7 தடவை பிராட். மொத்த டெஸ்ட் வாழ்க்கையில் 17 தடவை ஒரே பவுலரிடம் அவுட். ஓவர் த விக்கெட்டில் வலக்கை பவுலர் போட்டால் இடக்கைக்காரருக்குப் பந்து குறுக்கே வெளியே போகும், கை நீட்டி அடிக்க இடம் கிடைக்கும். ரவுண்டில் வந்தால் அது ஸ்டம்பைப் பார்த்து உள்ளே வரும், கொஞ்சம் நேராகிப் போனாலும் எட்ஜ், நேராகாவிட்டால் ஸ்டம்ப். வார்னருக்கு ஆடுவதா விடுவதா என்றே தெரியாமல் போய்விட்டது.

செந்தூல் மீடியம்பேஸ்:

நன்றி அண்ணே, இது நான் யோசிக்காத விஷயம். கீப்பரிடம் இப்போதுதான் வாட்ஸ்அப்பில் கேட்டேன். லெக் ஸ்டம்ப் கார்டு எடுக்கிறார் (பேட்டை லெக் ஸ்டம்புக்கு நேரே வைத்து நிற்கிறார்), பின்கால் நகர்வதே இல்லை, தொடர்ந்து இரண்டு டாட் பால் (ரன் இல்லாத பந்து) ஆனால் மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார் என்று சொல்கிறான். இதை இவ்வளவு நாள் வாயைத் திறந்து சொல்லவில்லை பாருங்கள், கேட்டால் "யாரும் கேட்கவில்லையே" என்கிறான்!

பழைய ஆஃப் ஸ்பின்:

தம்பி செந்தூல், நான் ஆடுவதை நிறுத்தி ரொம்பக் காலம் ஆயிற்று, இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்து டிவியில் பார்ப்பதோடு சரி. ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் கையுறை சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். பிராட் ரவுண்டில் வந்து வெற்றி பெற்றார் என்றால் அந்தக் கோணத்தில் உள்ளே வந்த பந்து பிட்ச் ஆன பிறகு நேரானதால். உங்கள் பந்து வலக்கைக்கு வெளியே போகிறது என்றால் இடக்கைக்கு உள்ளே வரும். ரவுண்டில் வந்து அதையும் உள்ளே ஸ்விங் செய்தால் நேரே லெக் பக்கம் போய்விடும், அதைத்தான் அவர் லோங்காங்கில் போடுகிறார். ஆகையால் பந்து புதிதாக இருக்கும்வரை நீங்கள் ஓவர் த விக்கெட்டே போடுங்கள். குறுக்கே வெளியே போகிற மாதிரி போய் கடைசியில் உள்ளே வளையட்டும், ஃபுல் லெங்த்தில். கிரீஸுக்குள் ஆழமாக நிற்பவருக்கு இதுதான் எமன், ஏனென்றால் பந்து அவரிடம் போய்ச் சேர இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறது, வளைவதற்கு அந்தத் தூரம் உதவும். காலும் நகராதவர் என்கிறீர்கள். போல்டு அல்லது எல்பி. எல்பியை அதிகம் நம்ப வேண்டாம், நம்ம லீக்கில் அம்பயர் நிற்பது பேட்டிங் டீம் ஆள்தானே.

பந்து பழசான பிறகு ரவுண்டுக்கு வாருங்கள், அப்போது ஆஃப் கட்டர் (பிட்ச் ஆனதும் இடக்கைக்கு வெளியே விலகும் பந்து). மேட்டிங்கில் விரலால் வெட்டிப் போடும் பந்து நன்றாகப் பிடிக்கும், புல் பிட்சை விட அதிகமாக. கோணம் உள்ளே, கட்டர் வெளியே. பிராட் செய்தது அப்போதுதான் உங்களுக்கும் நடக்கும்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் கேப்டன் லெக் ஸ்பின்னர், லெக் பிரேக் இடக்கைக்காரருக்கு உள்ளே திரும்புகிறது, அதாவது அவர் எந்தப் பக்கம் அடிக்க ஆசைப்படுகிறாரோ அந்தப் பக்கமே பந்தும் போகிறது. திரும்பும் திசையிலேயே அடிப்பதற்குப் பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் பந்து போடவில்லை, தீனி போடுகிறீர்கள். கேப்டனுக்குக் கூக்ளி (எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) சரியாக வந்தால் போடட்டும், வராவிட்டால் இந்த மனிதர் எதிரில் நிற்கும்போது அவர் ஸ்லிப்பில் நிற்பது டீமுக்கு நல்லது.

அந்த நெட் பையனைக் கொண்டுவாருங்கள். ஆஃப் ஸ்பின் இடக்கைக்கு வெளியே திரும்பும். அதை மிட்விக்கெட்டுக்கு அடிக்க வேண்டும் என்றால் திரும்புவதற்கு எதிராக அடிக்க வேண்டும், பேட் முகம் மூடிக்கொள்ளும், பந்து முன் ஓரத்தில் பட்டு கவர் பக்கம் கொடி மரம் உயரத்துக்குப் போகும். முரளியின் 800-வது விக்கெட் ஞாபகம் இருக்கிறதா? காலேயில், 2010 ஜூலையில். இந்தியாவின் ஓஜா இடக்கைக்காரர், பந்து வெளியே திரும்பியது, எட்ஜ், ஸ்லிப்பில் மஹேல. அத்தனை வித்தை தெரிந்த மனிதர் கடைசி விக்கெட்டை எடுத்தது எந்த ஆஃப் ஸ்பின்னரும் முதலில் கற்கும் பந்தில். 2018-ல் எட்ஜ்பாஸ்டனில் அஸ்வின் இங்கிலாந்தின் இடக்கை ஓப்பனர் அலஸ்டர் குக்கை இரண்டு இன்னிங்ஸிலும் போல்டு எடுத்ததும் இதே சமாச்சாரம், வெளி எட்ஜைத் தாண்டி ஆஃப் ஸ்டம்ப். குக் அளவுக்கு டிஃபென்ஸ் தெரிந்தவருக்கே அந்தக் கதி.

ஃபீல்டு எப்படி? டீப் மிட்விக்கெட் இருக்கட்டும், ஆனால் வட்டத்துக்குள் மிட்விக்கெட்டை எடுத்துவிடுங்கள். காலியாக இருப்பதைப் பார்த்தால் அவருக்குக் கை ஊறும். ஸ்லிப் ஒன்று, கவரில் ஒன்று, கவருக்கும் பாயிண்டுக்கும் நடுவில் கொஞ்சம் பின்னால் ஒன்று. ஆசை காட்டி மோசம் செய்வது என்பார்களே, அதற்கு இதுதான் இடம். பையனிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: சிக்ஸ் போனாலும் பரவாயில்லை, ஷார்ட்டாக மட்டும் போடாதே. ஆழமாக நிற்பவருக்கு ஷார்ட் பந்து விருந்து.

சைபர்ஜெயா சென்னைவாசி:

ஐயா சொன்ன ஆஃப் ஸ்பின் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் எல்லோரும் டெஸ்ட் மேட்ச் கதை சொல்கிறீர்கள், இது 25 ஓவர். பிராட் வார்னரை ஒரு சீரிஸ் முழுக்கத் துரத்தினார், செந்தூலுக்கு மொத்தமே 5 ஓவர், அதிலும் இவர் எதிரில் நிற்பது பாதி இருந்தால் அதிகம். சென்னையில் கீழ் டிவிஷன் லீக் ஆடியபோது எங்கள் கோச் சொல்வது, பெரிய ஆளை அவுட் ஆக்க முடியாவிட்டால் பாதியாக்கு என்பார். அதுதான் என் கட்சி.

பாடிலைன் எல்லோருக்கும் தெரியும். 1932-33-ல் ஆஸ்திரேலியாவில் இங்கிலாந்துக்கு ஜார்டின் கேப்டன், லார்வுட் லெக் ஸ்டம்ப் லைனில் உடம்பைப் பார்த்து வீச, லெக் பக்கம் சுற்றிலும் ஆட்கள். அது கிரிக்கெட்டா என்று இன்றைக்கும் சண்டை போடலாம், எனக்கு அது பிடிக்காது, பிறகு லெக் பக்கம் ஸ்கொயருக்குப் பின்னால் கீப்பரைத் தவிர இரண்டு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்று சட்டமே வந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அவ்வளவு செய்தும் அந்த சீரிஸில் ஆஸ்திரேலியாவின் பிராட்மேனின் சராசரி 56.57. வேறு எந்த மனிதருக்கும் அது நல்ல சீரிஸ்! அவருக்கு மட்டும்தான் அது சறுக்கல், வாழ்நாள் சராசரி 99.94 ஆயிற்றே. இங்கிலாந்து 4-1 என்று ஜெயித்தது. அவரை அடக்கவில்லை, பாதியாக்கினார்கள், அது போதுமாக இருந்தது.

உங்கள் ஆளுக்கும் அதையே செய்யுங்கள். உங்கள் கீப்பர் தங்கமான தகவல் கொடுத்திருக்கிறான், இரண்டு டாட் பால் ஆனால் மூன்றாவது அடி. அப்படியென்றால் முதல் இரண்டு பந்தில் விக்கெட் எடுக்கவே பார்க்காதீர்கள், ஐந்தாவது ஸ்டம்ப் லைனில் குட் லெங்த்துக்குக் கொஞ்சம் பின்னால், இழுத்து அடித்தாலும் ரன் வராத இடத்தில். கவர், பாயிண்ட் இருவரும் சிங்கிளைத் தடுக்கிற தூரத்தில். மூன்றாவது பந்துக்குத்தான் உங்கள் திட்டம். அந்த ஒரு பந்துக்கு முன்னால் ஃபீல்டரை நகர்த்தாதீர்கள், அவர் அதைப் பார்த்துவிடுவார். முதல் பந்திலிருந்தே அந்த ஆள் அங்கேதான் நிற்க வேண்டும்.

இன்னொன்று, எதிர் முனையில் இருப்பவருக்குச் சிங்கிள் கொடுக்காதீர்கள். நிறைய டீம் இதில்தான் கோட்டை விடுகிறது. பெரிய ஆள் மேல் பயந்து எல்லோரும் எல்லையில் நின்றுகொண்டு, சும்மா தட்டுகிற ஆளுக்கு ஓவருக்கு ஓவர் சிங்கிள் கொடுத்து ஸ்ட்ரைக்கைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு திட்டம் ஒரு சீசனுக்குத்தான் தாங்கும். கோலி 2014-ல் இங்கிலாந்தில் 10 இன்னிங்ஸில் 134 ரன், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இங்கிலாந்தின் ஆண்டர்சன் அலைக்கழித்தார். 2018-ல் அதே ஊருக்குப் போனபோது கிரீஸுக்கு வெளியே வந்து நின்று ஸ்விங் ஆகும் முன்பே பந்தைச் சந்தித்தார், 593 ரன், ஆண்டர்சனால் ஒரு தடவை கூட எடுக்க முடியவில்லை. உங்கள் மனிதரும் ஒரு நாள் முன்னால் வந்து நிற்பார், அன்றைக்கு இந்தத் திரெட் முழுக்க வேஸ்ட், கீப்பரை ஸ்டம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து புதிதாக ஆரம்பிக்க வேண்டியதுதான்.

புச்சோங் யார்க்கர்:

நான் நாலு வரி எழுதினேன், நீங்கள் எல்லோரும் பிஎச்டி எழுதுகிறீர்கள். பவுன்சர் யாரும் சொல்லவில்லையே? வேகமானவர் ஒருத்தர் இருக்கிறார் என்றாரே. நியூசிலாந்து வாக்னர் 2019-20-ல் ஆஸ்திரேலியாவின் ஸ்மித்துக்கு ஷார்ட்டாகவே போட்டு நாலு தடவை எடுத்தார்.

கீப்பர் கையுறை:

வாக்னர் அதைச் செய்தது மணிக்கணக்காக, ஒரு பந்து கூட இடம் தவறாமல், விலா எலும்புக்கும் தோளுக்கும் நடுவில். செந்தூலின் வேகப்பந்துக்காரருக்கு லைன் கடவுள் விட்ட வழி என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. மேட்டிங்கில் ஷார்ட் பந்து எகிறி கீப்பர் தலைக்கு மேலே போகும், நாங்கள்தான் பின்னால் ஓட வேண்டும். வைடும் கொடுப்பார்கள். பின்னால் ஆழமாக நிற்பவர் புல் ஷாட் அடிக்கப் பிறந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல் மீடியம்பேஸ்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பழைய ஆஃப் ஸ்பின் ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் மேட்ச் பெரும்பாலும் மதியம்தான் தொடங்கும், இந்த மாதங்களில் மூன்று நாலு மணிக்கு மழை கட்டாயம். மழை நின்று மறுபடி ஆடும்போது மேட்டிங் ஊறிப்போய் இருக்கும், பந்தும் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அப்போது பையன் ஆஃப் ஸ்பின் எப்படிப் போடுவான்? இன்னொன்று, டீப் மிட்விக்கெட்டில் இந்த மனிதர் கொடுத்த கேட்ச் போன சீசனிலேயே ஒன்று விட்டோம், அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பழைய ஆஃப் ஸ்பின்:

நல்ல கேள்வி தம்பி. ஈரப் பந்தை விரல் பிடிக்காது, திருப்ப முடியாது, பையனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதனால் அவனை மழைக்கு முன்பே போடச் சொல்லுங்கள், இன்னும் சொன்னால் இரண்டாவது ஓவரே அவனுக்குக் கொடுங்கள். ஓப்பனர் என்றால் ஸ்பின்னரை அவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்க மாட்டார், அஸ்வின் புதுப் பந்தில் எத்தனை தடவை தொடங்கியிருக்கிறார் பாருங்கள். புதுப் பந்தில் ஒன்று திரும்பும், ஒன்று திரும்பாமல் நேராக வழுக்கிக்கொண்டு போகும், எது எப்படிப் போகும் என்று போட்ட பையனுக்கே தெரியாது, அடிக்கிறவருக்கு எங்கே தெரியப்போகிறது.

மழைக்குப் பிறகு புச்சோங் தம்பி சொன்னதுதான் சரி. நனைந்த மேட்டிங்கில் பந்து எழும்பாமல் தாழ்வாகச் சறுக்கி வரும், அப்போது வேகமானவரைக் கொண்டுவந்து ஸ்டம்பைப் பார்த்து மட்டும் போடச் சொல்லுங்கள். முன்காலை விலக்கித் தூக்குகிறவருக்கு முழங்காலுக்குக் கீழே சறுக்கி வரும் பந்து பெரிய தொல்லை. காய்ந்த துண்டு இரண்டு மூன்று கொண்டுபோங்கள், ஒன்றை அம்பயர் இடுப்பில் சொருகிவிடுங்கள்.

கேட்ச் விஷயத்தில் நான் பார்த்த வரை எல்லா வாரக்கடைசி டீமிலும் ஒரே கதைதான். தாமதமாக வந்தவர், ஓட முடியாதவர், கோபித்துக்கொண்டவர், இவர்களையெல்லாம் டீப் மிட்விக்கெட்டில் நிறுத்துவார்கள். இந்த மனிதர் ஆடும் வரைக்கும் உங்கள் டீமிலேயே கை நிற்கிற ஆள் யாரோ அவர் அங்கே நிற்கட்டும், ஸ்லிப்பில் நிற்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்தாலும். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து நிறுத்துங்கள், மழைக்கு முன் இரண்டு மணி வெயிலில் மேலே போன பந்து கண்ணுக்கே தெரியாது.

கேப்டனிடம் பேசுவதைக் காலையில் பசியாறும்போதே முடித்துவிடுங்கள், டாஸ் போட்ட பிறகு பேசினால் எந்தக் கேப்டனுக்கும் ரோஷம் வரும். "நீங்கள் போடாதீர்கள்" என்று ஆரம்பிக்காமல், "இந்த ஆளுக்கு நீங்கள் ஸ்லிப்பில் நின்றால் பையனுக்குத் தைரியமாக இருக்கும், மிடில் ஆர்டர் வலக்கைக்காரர்களை உங்களுக்கு வைத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, லெக் ஸ்பின் அவர்களுக்கு எதிராகத்தானே வேலை செய்யும்.

செந்தூல் மீடியம்பேஸ்:

சரி ஐயா. கேப்டன் இந்த ஃபோரத்தில் இல்லை என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். பையனுக்கு இன்றைக்கு ராத்திரி போன் செய்கிறேன், மேட்ச் வரை தினமும் சாயங்காலம் இடக்கைக்காரர் ஒருவரை நிறுத்தி நெட்டில் போடச் சொல்ல வேண்டும். புச்சோங், உனக்குத் தெரிந்த இடக்கைக்காரர் யாராவது செந்தூல் பக்கம் இருந்தால் சொல்லு, தே தாரிக் என் செலவு.